அறிந்து உண்போம்

புனே நகரின் பள்ளிகள் பலவற்றில், உணவுப் பெட்டியைத் திறக்குமுன் மாணவர்கள் ஒரு மராத்திச் செய்யுளைக் கூறுவர். அதனை இயற்றியவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சமர்த்த ராமதாசர் என்பர். உண்பது வயிற்றை நிரப்பும் செயல் மட்டுமன்று. அது வேள்விக்கு ஒப்பானது என்பது அதன் கருத்து.

திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில், முன்பு உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின் அளவோடு உண்ணுமாறு கூறுகிறார். இருவரும் வேண்டுவது கவனத்தையே.

வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்ட ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். தொலைக்காட்சியைப் பார்த்தபடி விரைந்து உண்பவர், அச்செய்தி வருமுன்பே மிகுதியாக உண்டுவிடுவர். ஆகவே, சோள ரொட்டியாயினும் தோசையாயினும் அதன் மணத்தையும் சுவையையும் உணர்ந்து, நன்கு மென்று உண்ணுதல் நன்று. தின்பண்டத்தை எடுக்குமுன், 'இது பசியா, சலிப்பா?' என்று தன்னையே வினவுதலும் நன்று. பசித்தவர் தயங்காமல் உண்ணலாம். உணவைக் கண்டு அஞ்சுவதும், உண்டதற்காக வருந்துவதும் நலம் தாரா.

பயிற்சி

1. ராமதாசர், திருவள்ளுவர் ஆகிய இருவர் கருத்திலும் காணப்படும் ஒற்றுமை யாது?
2. விரைந்து உண்பவர் மிகுதியாக உண்பது ஏன்?
3. இன்று உண்ட உணவு ஒன்றின் மணத்தையும் சுவையையும் மூன்று தொடர்களில் எழுதுக.