மறைந்த மாநகரம்

வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர் சேத்தியாத்தோப்பு. அதற்கு வடக்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன. தெற்கே வீராணம் ஏரி கடல்போல் பரந்து கிடக்கிறது. அவ்வூரிலிருந்து கும்பகோணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்வோர், மரங்களுக்கு மேலே வானளாவி நிற்கும் கல் விமானம் ஒன்றைக் காண்பர். அதுவே கங்கைகொண்ட சோழபுரம். இன்று சிற்றூராய்க் காட்சியளிக்கும் அவ்விடம், ஒரு காலத்தில் ஒரு பேரரசின் தலைநகராய்த் திகழ்ந்தது.

முதலாம் இராசராசனின் மைந்தன் முதலாம் இராசேந்திரன். அவனுடைய படை 1023ஆம் ஆண்டளவில் வடநாட்டு வேந்தர்களை வென்று, கங்கை நீருடன் மீண்டது. அவ்வெற்றியின் நினைவாக அவன் புதியதொரு தலைநகரை அமைத்தான். அதன்பின் 1279ஆம் ஆண்டளவில் சோழர் ஆட்சி முடியும்வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் அந்நகரே சோழ நாட்டின் தலைநகராய் விளங்கியது.

அந்நகரில் மதில்களும், கோட்டையும், திருமாளிகைகளும் இருந்தன. சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்ட சோழன் திருமாளிகை என்னும் பெயர்களைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவை இன்று எங்கே? ஊர்ப்பெயர்களே விடை கூறுகின்றன. கோட்டை இருந்த இடம் உட்கோட்டை; படைக்கலம் இருந்த இடம் ஆயுதக்களம்; அரசனின் மெய்க்காவலர் வாழ்ந்த இடம் மெய்க்காவல்புத்தூர்; அரண்மனை நின்ற இடம் மாளிகைமேடு. கட்டடங்கள் அழிந்தன, அவற்றின் பெயர்கள் உழவர் நாவில் வாழ்கின்றன.

மாளிகைமேட்டில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1980ஆம் ஆண்டு முதல் பலமுறை அகழ்ந்து ஆய்ந்துள்ளது. செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகளும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீன நாட்டு மட்கல ஓடுகளும் அங்குக் கிடைத்தன. கடல் கடந்த வாணிகத்தின் சான்று ஒரு சிறு மட்கல ஓட்டில் அடங்கியிருப்பது வியப்பன்றோ! அரண்மனை செங்கல்லாலும் மரத்தாலும் ஆனது. அரசு வீழ்ந்தபின் மரம் மட்கியது. செங்கற்களைப் பிற்காலத்தார் தம் வீடு கட்ட அகழ்ந்து சென்றனர். மன்னன் வாழ்ந்த மனை மேடாயிற்று.

கோயிலோ கல்லால் ஆனது. அதன் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுடையது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இதனினும் உயர்ந்தது, நேர்கோடாய் மேலெழுவது. இங்குள்ள விமானமோ மெல்ல வளைந்து, நளினமாய் உயர்கிறது. தஞ்சையில் ஆண்மையின் மிடுக்கும், இங்குப் பெண்மையின் எழிலும் விளங்குவதாகக் கலைவல்லார் கூறுவர். சிவபெருமான் தம் அடியாரான சண்டேசுரரின் தலையில் மாலை சூட்டும் சிற்பம் கண்டோர் உள்ளத்தைக் கவர்வது. 2004ஆம் ஆண்டில் இக்கோயில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

நகரின் உயிர்நாடி நீரே. இராசேந்திரன் நகருக்கு மேற்கே சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டுவித்தான். அதனை நீரால் ஆன வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. பிற மன்னர் கல்லில் தூண் நாட்டினர்; இவன் மக்களின் தாகம் தீர்க்கும் நீரில் நாட்டினான். அதன் கரை 16 மைல் நீளம் என 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. கரை சிதைந்து, ஏரி நீரின்றிக் கிடந்ததையும், ஏரிக்குள் காடு மண்டியதையும் அக்குறிப்பே கூறுகிறது. இன்று எஞ்சியுள்ள பகுதி பொன்னேரி என வழங்கப்படுகிறது.

கோயிலுக்கும் ஒரு பேரிழப்பு நேர்ந்தது. 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அதற்காகக் கோயிலின் சுற்றுமதிற் கற்களுள் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டது. அவ்வணையின் நீரே வடவாற்றின் வழியே வீராணத்தை நிரப்புகிறது. பல்லாயிரம் வயல்களை விளைவிக்கிறது. 2004ஆம் ஆண்டு முதல் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாய் வழியே சென்னை மாநகரின் தாகத்தையும் தீர்க்கிறது. அணை நன்று, அதனை மறுப்பார் யாரும் இலர். ஆயினும் அணைக்கு வேண்டிய கல்லை மலையிலிருந்தும் வெட்டியிருக்கலாம். இடித்த மதிலை எங்கிருந்து கொணர்வது?

இராசத்தானத்துப் பாலைநிலத்தில் செய்சல்மேர் என்னும் பழநகர் உள்ளது. 1156ஆம் ஆண்டில் எழுந்த அந்நகரின் கோட்டைக்குள் அரண்மனையும் கோயில்களும் நிற்கின்றன. மக்கள் இன்றும் வாழ்கின்றனர். மழை அரிதான அந்நிலத்தில், முன்னாளில் அவர்களைக் காத்தது ஓர் ஏரியே. மணல் சூழ்ந்த நகரம் வாழ்கிறது. ஆறு சூழ்ந்த நகரம் மறைந்தது. இதன் காரணம் யாது? அரசுகள் எழுவதும் வீழ்வதும் இயல்பு. அரசு வீழ்ந்தபின் எஞ்சியதை மக்கள் பேணினால் நகர் நிலைக்கும். பேணாது விட்டால் மருதமும் பாலையாகும்.

சோழகங்கத்தினும் முற்பட்டது வீராணம். முதலாம் பராந்தகன் காலத்தில், வீரநாராயணன் என்னும் அவன் பெயரால் அமைந்த ஏரி அது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அது நிறைந்து நிற்பதற்குக் காரணம், தலைமுறைதோறும் உழவர் அதன் கரையை உயர்த்தி, மதகைச் செப்பனிட்டு வந்தமையே ஆகும். முன்னோர் விட்டுச்சென்ற செல்வத்தைப் பெறுவது எளிது, பேணுவதே அரிது. அவ்வரிய கடமை இன்றைய இளைஞர் கையில் உள்ளது.