முதல் பில் வரும்வரை: ஸ்விட்சில் ஏசிஎல் போடப் போற தம்பிக்கு

தம்பி, டவுணில் ஜவுளிக்கடை நெட்வொர்க் வேலை உன் கைக்கு வந்திருக்குன்னு அம்மா சொன்னா. ரொம்ப சந்தோஷம். ஆனா பில்லிங், கேமரா, வாடிக்கையாளர் வைஃபை மூணும் ஒரே ஸ்விட்சுல பிரிக்காம கிடக்குன்னு கேட்டதும் மனசு அடிச்சுக்கிட்டுச்சு.

நம்ம கூடங்குளத்தையே பாரு. 2019 செப்டம்பர்ல அணுமின் நிலையக் கணினி ஒண்ணுல வைரஸ் புகுந்திருக்கிறது தெரிஞ்சுச்சு. அக்டோபர் 30-ம் தேதி அணுமின் கழகமே அதை ஒத்துக்கிட்டது. இன்டர்நெட் இருந்த நிர்வாகக் கணினிதான் மாட்டுச்சு. முக்கியமான உள் நெட்வொர்க் தனியா இருந்ததால அதுக்குப் பாதிப்பில்லைன்னு சொன்னாங்க. பிரிச்சு வைக்கிறதோட அருமை அதுதான்.

1. முதல்ல பேப்பர். யார் யாரோட பேசணும்னு எழுது. பில்லிங் மெஷின் சர்வரோட பேசணும். எஸ்கியூஎல் சர்வர்னா வழக்கமா போர்ட் 1433. கேமரா ரெக்கார்டரோட மட்டும். வைஃபைக்கு இன்டர்நெட் மட்டும். பட்டியல்ல இல்லாததுக்கு வழி விடாதே.

2. மூணுக்கும் தனித்தனி விலான், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள்ள பிரிச்ச தனி நெட்வொர்க், போடு. எதை விடணும், எதைத் தடுக்கணும்னு சொல்ற விதிப் பட்டியல்தான் ஏசிஎல். விலான் இன்டர்ஃபேஸ்ல போடுற ஏசிஎல், ஒரு விலான்லேருந்து இன்னொண்ணுக்குப் போறதைத்தான் தடுக்கும். ஒரே விலானுக்குள்ள ரெண்டு மெஷின் பேசுறதை அது பார்க்காது. அதுக்கு அந்தந்தப் போர்ட்லயே ஏசிஎல் போடணும்.

3. ஏசிஎல்ல வரிசைதான் உயிர். ஸ்விட்ச் மேலேருந்து கீழ படிக்கும். பொருந்துற முதல் வரியோட நிறுத்திடும். வைஃபை 192.168.30.0-ல இருக்குன்னு வையி. முதல்ல டிஎச்சிபி, டிஎன்எஸ் ரெண்டுக்கும் பெர்மிட். அடுத்து, கடையோட மத்த 192.168 நெட்வொர்க்குக்குப் போனா டினை. கடைசியா, வெளிய எங்க போனாலும் பெர்மிட். கடைசி வரியை மேல தூக்கி வச்சா டினை வரி இருந்தும் இல்லாத மாதிரிதான். சிஸ்கோல எல்லாத்துக்கும் கீழ கண்ணுக்குத் தெரியாத ஒரு டினை உண்டு, அதை மறந்துடாதே.

4. மாஸ்க்கைத் திருப்பிப் போடணும். 255.255.255.0-ன்னு பழகின கைக்கு இது இடறும். சிஸ்கோ ஏசிஎல்ல அது 0.0.0.255.

5. திசையில குழம்பாதே. ஸ்விட்சுக்குள்ள நீ நிக்கிறதா நினைச்சுக்கோ. வைஃபை பக்கமிருந்து உன்னைத் தேடி வர்றது 'இன்'. அங்கயே தடுத்துடு, உள்ள விட்டுட்டுத் துரத்த வேண்டாம்.

6. உன்னையே வெளிய தள்ளிப் பூட்டிக்காதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. வீட்லேருந்து ஒரு கடை ஸ்விட்சுல டினை ஒண்ணைப் போட்டு என்டர் தட்டினேன். திரை அப்படியே நின்னுடுச்சு. நான் உள்ள போன வழியையே நான் அடைச்சிருந்தேன். அன்னைக்கு ஆனித் தேரோட்டம். டவுண் ஆர்ச் பக்கம் வண்டியைப் போட்டுட்டு, கன்சோல் கேபிளைப் பைக்குள்ள இறுக்கிப் பிடிச்சபடி கூட்டத்துக்குள்ள கீழ ரத வீதி வரைக்கும் நடந்தேன். கடைக்காரர் ஒரு வார்த்தை திட்டலை. பில்லிங் மேஜையில பேனாவால பில் எழுதிக்கிட்டிருந்தார். அந்தப் பேனாவை நான் இன்னும் மறக்கலை.

அதனால சிஸ்கோன்னா, முதல்ல 'ரீலோட் இன் 10' கொடு. சேமிக்கவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லு. அப்புறம் ஏசிஎல் போடு. மாட்டிக்கிட்டா பத்து நிமிஷம் கழிச்சு ஸ்விட்ச் தானே அணைஞ்சு எழுந்து பழைய நிலைக்கு வந்துடும். எல்லாம் சரின்னா 'ரீலோட் கேன்சல்' கொடுத்துட்டுச் சேமி. கடை அடைச்ச பிறகு, ராத்திரிதான் இதைச் செய்யணும்.

7. ஏசிஎல் போட்டதும் சோதிச்சுப் பாரு. உன் போனை வைஃபைல சேர்த்து பில்லிங் சர்வரைத் தேடிப் பாரு, கிடைக்கவே கூடாது. கேமரா படம் வருதா பாரு. கார்டு தேய்க்கிற மெஷினை எல்லாரும் மறந்துடுவாங்க, நீ மறக்காதே.

மறுநாள் காலையில கடை திறக்கும்போது அங்க நில்லு தம்பி. முதல் பில் அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போகட்டும். அதுக்கப்புறம் காபி குடிக்கக் கிளம்பு.