எரிக் டால்ஃபியின் மேடையிசைப் பதிவுகள்

ஓவியமும் சிற்பமும் அவற்றை ஆக்கியோன் மறைந்த பின்னரும் நிலைத்து நிற்பன. இசையோ பிறந்த கணத்திலேயே மறைவது. பாட்டின் சொல்லும் மெட்டும் எஞ்சினும், அன்று அவ்வவையில் பாடியோன் கற்பித்த நுட்பங்கள் எஞ்சுவதில்லை. இவ்விழப்பை ஒருசிறிது ஈடுசெய்வன ஒலிப்பதிவுகள். அவையும் ஒரு தன்மையன அல்ல. தனியறையிற் பதிவு செய்வோன் பிழை நேரின் மீட்டும் வாசிக்கலாம். அவையோர்முன் வாசிப்போனுக்கு அவ்வாய்ப்பில்லை. ஆதலின் கலைஞனது ஆற்றலை அளந்தறிதற்கு மேடைப்பதிவே தக்க உரைகல் என்பதனை, எரிக் டால்ஃபி என்னும் அமெரிக்க ஜாஸ் இசைவாணரின் பதிவுகள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

டால்ஃபி 1928ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தவர். ஆல்ட்டோ சாக்ஸபோன், புல்லாங்குழல், பாஸ் கிளாரினெட் என்னும் மூன்றிலும் வல்லவர். இவை யாவும் நம் நூலோர் துளைக்கருவி என வகுத்தவற்றின்பாற்படும். எனினும் ஒன்றின் பழக்கம் மற்றொன்றற்கு முற்றும் உதவாது. சாக்ஸபோனும் கிளாரினெட்டும் நாணற் சீவாளியால் ஒலிப்பன. குழலுக்குச் சீவாளியே இல்லை. மேற்கதிக்கு ஏறுங்கால் சாக்ஸபோனில் அதே விரலமைதி எட்டாஞ் சுரத்தைத் தரும். கிளாரினெட்டிலோ பன்னிரண்டாஞ் சுரத்தைத் தரும். எனவே ஒரு கருவியை வைத்து மற்றொன்றை எடுக்குந்தோறும் வாயும் மூச்சும் விரலும் வேறு நெறியிற் செல்லல் வேண்டும்.

ஜாஸ் இசையில் முதற்கண் ஒரு மெட்டு வாசிக்கப்படும். பின்னர் அம்மெட்டிற்குரிய தாள அளவும் சுரக்கூட்டுக்களின் வரிசையும் மீண்டும் மீண்டும் சுழன்றுவர, அவற்றின்மேல் கலைஞன் அப்பொழுதே புத்திசை கற்பிப்பான். நம் பாடகர் கற்பனைச் சுரம் பாடிப் பாட்டின் எடுப்பிற்கு மீளுதலை இஃது ஒருவாறு ஒக்கும்.

1961 ஜூலை 16ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரில் பைவ் ஸ்பாட் என்னும் சிறு விடுதியில் டால்ஃபியின் குழு வாசித்தது. எக்காளத்தில் புக்கர் லிட்டில், பியானோவில் மால் வால்ட்ரன், பாஸ் என்னும் பெரு நரம்புக்கருவியில் ரிச்சர்டு டேவிஸ், முழவில் எட் பிளாக்வெல் ஆகியோர் உடனிருந்தனர். 'பயர் வால்ட்ஸ்' என்னும் பாட்டிற் சாக்ஸபோனும், 'பீ வேம்ப்' என்பதிற் பாஸ் கிளாரினெட்டும், 'லைக் சம்ஒன் இன் லவ்' என்பதிற் குழலுமாக ஒரே இரவில் மூன்றனையும் கேட்கின்றோம். 'தி பிராபெட்' என்னும் பாட்டு 20 நிமிடங்கட்கு மேலும் நீள்கின்றது. பியானோ சுருதி பிறழ்ந்து ஒலித்தலையும் செவி உணரும். அக்குறையால் வாசிப்போர் ஊக்கம் சிறிதுங் குன்றவில்லை. லிட்டில் அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் தம் 23ஆம் அகவையில் நோயால் இறந்தார். அவ்விரவு பதிவாகாதிருப்பின், இவ்வைவரும் கூடி மேடையில் ஆக்கிய இசை உலகிற்கு எட்டாமலே போயிருக்கும்.

அன்றிரவே டால்ஃபி, பில்லி ஹாலிடே பாடிப் புகழெய்திய 'காட் பிளெஸ் தி சைல்ட்' என்னும் பாட்டைத் துணைக்கருவி யாதுமின்றிப் பாஸ் கிளாரினெட்டில் வாசித்தார். மெட்டு நேரே வெளிப்படாது. ஆழ்ந்த ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே விரைந்தோடும் சுரங்களினூடே அது மறைந்தும் தோன்றியும் வரும். செப்டம்பர்த் திங்களில் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இதனையே அவர் மீண்டும் தனித்து வாசித்தார், அதுவும் பதிவாயிற்று. இரண்டனையும் ஒருங்கு வைத்துக் கேட்பின் பாட்டு ஒன்றே. வாசிப்பு இரண்டு என்பது விளங்கும். முன்னே நெட்டுருச் செய்ததனை ஒப்பித்தாரல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

1964 ஜூன் 2ஆம் நாள் ஹாலந்து நாட்டு ஹில்வர்சம் நகரில் அவர் வாசித்தது 'லாஸ்ட் டேட்' என்னும் இசைத்தட்டாக வெளிவந்தது. அதன்கண் 'யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்' என்னும் பாட்டிற் குழலோசை கேட்டோர் உள்ளம் உருகுவர். அத்தட்டின் இறுதியில் டால்ஃபியின் பேச்சும் சேர்க்கப்பட்டுள்ளது. இசை முடிந்ததும் காற்றிற் கலந்து போம் என்றும், அதனை மீண்டும் பற்றுதல் இயலாதென்றும் அவர் கூறுகின்றார். அவ்வாசிப்பிற்குப் பின் 27ஆம் நாள், ஜூன் 29இல், நீரிழிவு நோயால் பெர்லின் நகரில் அவர் இறந்தார். அகவை 36.

இசையைப் பற்ற இயலாதென்றவர் குரலையே இசைத்தட்டு பற்றி வைத்திருக்கின்றதே. அங்ஙனமாயின் அவர் கூற்றுப் பொய்த்ததோ எனின், பொய்த்திலது. பதிவு காத்தளிப்பது ஓரிரவின் இசையையே. பதிவாகாத இரவுகளில் அவர் கற்பித்தவை எத்துணையோ! அவ்விழப்பின் பெருமையை அளந்து காட்டுவதும் எஞ்சிய இப்பதிவுகளே. ஆகலின் இசை பயிலும் நம் கல்லூரி அன்பர்கள் ஒரு பாட்டை ஒருமுறை கேட்டமையோடு அமையாது, அதே கலைஞன் வேறோர் அவையில் அதனை வாசித்த பதிவையும் தேடிக் கேட்பாராக. எது நிலைத்தது, எது அக்கணத்தே பிறந்தது என்னும் வேறுபாடு அப்பொழுதே செவிக்குப் புலனாகும்.