சக்தி ஒரு வழி, கட்டளை ஒரு வழி

சென்ற கோடை விடுமுறையில் காரைக்காலில் என் தமக்கையின் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அந்த ஊரில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர்கள் உண்டு. என் தமக்கையின் பிள்ளைகளுக்கும் பாரிசில் ஒரு சித்தப்பா இருக்கிறார். ஊருக்கு வந்திருந்தபோது, தம் மகன் விளையாடி முடித்த பெட்டி ஒன்றை இவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் இருந்தவை லெகோ கட்டைகள். அவற்றோடு இரண்டு மோட்டார்கள், மின்கலப் பெட்டிகள், ரிமோட், வளைந்த பிளாஸ்டிக் தண்டவாளத் துண்டுகள் ஆகியவையும் இருந்தன.

பிள்ளைகள் இருவரும் இரண்டே நாளில் ஒரு ரயிலைக் கட்டிவிட்டார்கள். கூடத்தில் அது சுற்றிச் சுற்றி வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு, தண்டவாளத்தை மொட்டை மாடியில் விரித்து, ரிமோட்டைத் திருப்பினால் ரயில் அசையவில்லை. பெரியவன் ஆறு மின்கலங்களையும் மாற்றினான். அப்போதும் அசையவில்லை. அவமானம் தாங்காமல் கீழே கொண்டுவந்தான். கூடத்தில் வைத்ததும் ஓடிற்று! மீண்டும் மாடி, மீண்டும் மௌனம்.

“ரிமோட் கெட்டுப்போச்சு மாமா” என்றான்.

நீங்களாக இருந்தால் எதைச் சந்தேகிப்பீர்கள்? ஓடாத வண்டி எதுவானாலும் முதலில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். மோட்டாருக்குச் சக்தி வந்து சேரவில்லையா? அல்லது ‘ஓடு’ என்ற கட்டளை வந்து சேரவில்லையா? இரண்டும் வேறு வேறு. நான் மோட்டாரின் கம்பியை எடுத்து, இடையில் உள்ள ஏற்பியை விலக்கிவிட்டு, நேரே மின்கலப் பெட்டியில் செருகினேன். மாடியிலேயே ரயில் பாய்ந்து ஓடிற்று. ஆகவே சக்தியில் குறையில்லை. கட்டளைதான் எங்கோ தொலைந்திருக்கிறது. எங்கே என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில் சக்தியின் கதையை முடித்துவிடலாம்.

பெட்டியில் இருந்த இரண்டாவது மோட்டாரைக் கொண்டு சின்னவள் ஒரு லாரி கட்டியிருந்தாள். மோட்டாரின் தண்டையே சக்கரத்தின் அச்சாக்கிவிட்டாள். அந்த மோட்டார் சுமை இல்லாதபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் விட்டம் 4 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 12.6 செ.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 84 செ.மீ. வருகிறது. சமதரையில் லாரி சீறிக்கொண்டுதான் போயிற்று. ஆனால் ஒரு தடித்த அட்லஸ் புத்தகத்தைச் சாய்த்து வைத்து ஏறச் சொன்னபோது, ‘உம்’ என்று உறுமியபடி நின்றுவிட்டது.

இதற்கு மருந்து பற்சக்கரம். மோட்டாரின் தண்டில் 8 பல் உள்ள சிறு சக்கரம், அச்சில் 24 பல் உள்ள பெரிய சக்கரம். சிறியது மூன்று முறை சுற்றினால் பெரியது ஒரு முறைதான் சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, வினாடிக்கு 28 செ.மீ. ஆகிவிடுகிறது. ஆனால் முறுக்கு விசை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. ஏறக்குறைய என்று ஏன் சொல்கிறேன்? பல்லோடு பல் உராய்வதில் கொஞ்சம் போய்விடுகிறது. இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. வேகத்தை விற்றுத்தான் விசையை வாங்க வேண்டும். அட்லஸ் மேட்டில் லாரி இப்போது முனகாமல் ஏறிற்று.

இங்கே ஒரு சிறு அதிசயத்தையும் கவனியுங்கள். லெகோ கட்டைகளில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே உள்ள தூரம் சரியாக 8 மி.மீ. அவற்றின் பற்சக்கரங்களோ, எத்தனை பல்லோ அத்தனை மி.மீ. செயல்விட்டம் கொண்டவை. 8 பல் சக்கரத்தின் ஆரம் 4 மி.மீ.; 24 பல் சக்கரத்தின் ஆரம் 12 மி.மீ.; கூட்டினால் 16. அதாவது சரியாக இரண்டு துளை தூரம்! 8 பல்லோடு 40 பல்லைச் சேர்த்தால் 24 மி.மீ., மூன்று துளை. ஆனால் 8 பல்லையும் 16 பல்லையும் ஒரே வரிசைத் துளைகளில் பொருத்த முயன்றால் என்ன ஆகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பெரிய ரயில் எஞ்சினிலும் இதே ஏற்பாடுதான். வாரணாசியில் 1964 முதல் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினில் டீசல் நேரே சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஒரு மின்னாக்கியைச் சுற்றுகிறது; அந்த மின்சாரம் அச்சுகளில் தொங்கும் மோட்டார்களுக்குப் போகிறது. மோட்டாரில் 18 பல், அச்சில் 65 பல். விகிதம் சுமார் 3.6. சின்னவளின் லாரிக்கும் இதற்கும் அதிக தூரமில்லை!

விசை இருந்தால் மட்டும் போதுமா? போதாது, பிடிப்பும் வேண்டும். ரயிலின் பின்னால் ஆறு பெட்டிகளைக் கோத்தபோது சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றன. மின்கலப் பெட்டி இரண்டாவது வண்டியில் இருந்தது. அதை எடுத்து மோட்டாரின் தலைக்கு மேலேயே ஏற்றி வைத்தோம். எடை கூடியது, சக்கரம் தண்டவாளத்தை அழுத்தியது, வழுக்கல் நின்றது. அந்த மோட்டாரின் சக்கரங்களில் மெல்லிய ரப்பர் வளையம் மாட்டியிருப்பதும் இதற்காகத்தான். எஃகுச் சக்கரத்துக்கு ரப்பர் மாட்ட முடியாது. டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினின் எடை ஏறத்தாழ 113 டன். அந்த எடைதான் அதன் பிடிப்பு. அதுவும் போதாத இடத்தில், காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி ரயிலானாலும் சரி, வேறெந்த ரயிலானாலும் சரி, எஞ்சின் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் மணலைத் தூவிப் பிடிப்பை உண்டாக்கிக்கொள்ளும்.

இனிக் கட்டளைக்கு வருவோம்.

டென்மார்க்கில் பிறந்த லெகோ நிறுவனம் முதல் மின்சார ரயிலை 1966இல் வெளியிட்டது. 4.5 வோல்ட் மின்கலம் வண்டியிலேயே இருந்தது. நிறுத்த வேண்டுமானால் ஓடிப்போய்ச் சுவிட்சைத் தொட வேண்டும். 1968இல் ஊதல் ஒலிக்கு நிற்கும், புறப்படும் ரயிலைக்கூடச் செய்துபார்த்தார்கள். 1969இல் வந்த 12 வோல்ட் ரயிலுக்கு மின்சாரம் பாதையின் நடுவே உள்ள உலோகப் பட்டைகளின் வழியே வந்தது. சுவர் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குமிழைத் திருப்பினால் மின்னழுத்தம் கூடும், குறையும். ரயிலும் விரையும், தளரும். 1991இல் 9 வோல்ட் ரயில் வந்தபோது தண்டவாளங்களே உலோகமாயின.

இந்த முறையில் சக்தியும் கட்டளையும் ஒரே பாதையில், ஒரே மின்சாரமாகப் போகின்றன. எளிமையானதுதான். ஆனால் ஒரு தொல்லை உண்டு. அதே பாதையில் இரண்டு ரயில்களை வைத்தால் இரண்டும் ஒரே கட்டளைக்குத்தான் கீழ்ப்படியும். அண்ணன் ரயிலை நிறுத்தினால் தங்கை ரயிலும் நின்றுவிடும்! வீட்டில் சண்டை வராமல் இருக்குமா? தவிர, உலோகப் பாதை அழுக்கடைந்தாலோ துருவேறினாலோ மின்சாரம் தடைப்படும். காரைக்கால் போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்று உலோகத்தை என்ன பாடு படுத்தும் என்பதை அங்கே சைக்கிள் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சக்தியையும் கட்டளையையும் பிரித்துவிடலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் நிகோலா டெஸ்லா. 1898ஆம் ஆண்டு நியூயார்க்கில், ஒரு தொட்டி நீரில் சிறு படகு ஒன்றை அவர் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். மின்கலமும் மோட்டாரும் படகுக்குள்ளேயே இருந்தன. வெளியிலிருந்து போனது ரேடியோ அலையில் ஏறிய கட்டளை மட்டும். (அதே 1898இல்தான் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. மீட்டர் பாதையாக இருந்த அது பின்னாளில் மூடப்பட்டு, நெடுங்காலத்துக்குப் பின் அதே தடத்தில் அகலப் பாதை போடப்பட்டது. நாகூர் வழியாக வரும் அகலப் பாதை 2011இல் வந்தது.)

லெகோ ரயில்களிலும் 2006இல் மின்கலம் மீண்டும் வண்டிக்குள் ஏறிக்கொண்டது. கட்டளை அகச்சிவப்புக் கதிரில் வந்தது. அடுத்த ஆண்டு, ரயில் மட்டுமன்றி எந்த வண்டியிலும் பொருத்தக்கூடிய மோட்டார்களும் ஏற்பிகளும் வெளிவந்தன. எங்கள் பெட்டியில் இருந்தவை இந்த வகையே.

அந்த ரிமோட்டின் முனையில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை உமிழும் சிறு விளக்கு உண்டு. டி.வி. ரிமோட்டை ஒரு செல்பேசிக் காமிராவின் முன் பிடித்து அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான காமிராக்களில் அந்த விளக்கு வெளிர் ஊதாவாக மினுங்குவது தெரியும். அது சும்மா எரிவதில்லை. கட்டளை போகும்போது வினாடிக்கு 38,000 முறை என்ற கணக்கில் துடிக்கிறது. துடிப்புக் கொத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளி குறுகியதானால் 0, நீண்டதானால் 1. இப்படிப் பதினாறு எழுத்துகள் சேர்ந்தது ஒரு கட்டளை. அவற்றில் இரண்டு எழுத்துகள் ‘யாருக்கு’ என்பதைச் சொல்கின்றன. 00, 01, 10, 11 என நான்கு முகவரிகள். ஆகவே ஒரே அறையில் நான்கு வண்டிகள் சண்டையின்றி ஓடலாம். கடைசி நான்கு எழுத்துகள் செய்தி சிதையாமல் வந்ததா என்று சரிபார்ப்பதற்கு.

இருவர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால்? வகுப்பில் இரண்டு பேர் ஒன்றாகக் கத்தினால் ஆசிரியருக்கு ஒன்றும் விளங்காது அல்லவா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டளையும் ஐந்து முறை அனுப்பப்படுகிறது. இடையில் காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு முகவரிக்கும் வேறு. முதல் முறை மோதிக்கொண்டாலும் அடுத்த முறைகளில் ஏதாவது ஒன்று தனியே போய்ச் சேர்ந்துவிடும். இந்தச் சிறு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வேகத்தைக் குறைக்க ஏற்பி என்ன செய்கிறது? மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. மின்சாரத்தை வெகு விரைவாக விட்டு விட்டுத் தருகிறது. பாதி நேரம் விட்டு, பாதி நேரம் நிறுத்தினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். முன்னால் ஏழு படி, பின்னால் ஏழு படி.

சரி, மாடியில் என்ன நடந்தது? சூரிய ஒளியில் அகச்சிவப்புக் கதிர்கள் ஏராளம். ஏற்பியின் கண் 38,000 துடிப்புள்ள ஒளியை மட்டுமே பொருட்படுத்தும்படி செய்யப்பட்டதுதான். ஆனாலும் சித்திரை மாதத்துக் காலை பத்து மணி வெயில் நேரே கொட்டும்போது அந்தக் கண் கூசிவிடுகிறது. ரிமோட்டின் மெல்லிய மினுக்கல் அந்த வெள்ளத்தில் மூழ்கிப்போகிறது. ரிமோட்டும் கெடவில்லை, மின்கலமும் தீரவில்லை. ஆறு புதிய மின்கலங்களை வாங்கிய காசுதான் வீண்.

2018 முதல் வந்த லெகோ வண்டிகள் புளூடூத் ரேடியோ அலையைப் பயன்படுத்துகின்றன. ரேடியோவுக்கு வெயில் ஒரு பொருட்டல்ல. அட்டைப் பெட்டிக்குள் புகுந்தும் வரும். ஆனால் ரேடியோவாக இருந்தால் மட்டும் போதாது, முகவரியும் வேண்டும். மலிவான ரேடியோ கார்களில் பல ஒரே அதிர்வெண்ணில், முகவரி இல்லாமல் இயங்குபவை. திருவிழாக் கடையில் ஒரே மாதிரி இரண்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தால், ஒருவன் ரிமோட்டுக்கு இருவர் காரும் திரும்புவதைக் காணலாம்.

இந்தப் பெட்டிகள் விலை மிகுந்தவை. எல்லார் வீட்டிலும் இருக்காது. அதனால் என்ன? பற்சக்கரங்களோடு மஞ்சள் உறையில் வரும் சிறு மோட்டார் மின்னணுப் பொருள் கடைகளில் கிடைக்கும். பழைய பொம்மையில் இருந்தும் எடுக்கலாம். அதை உங்களிடம் உள்ள கட்டைகளின் மேல் ரப்பர் வளையத்தால் கட்டிவிடுங்கள். ஆறு முனை உள்ள சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். நடுவில் நிற்கும் வகையாகக் கேளுங்கள். மோட்டாரின் இரு கம்பிகளை நடு முனைகள் இரண்டில் இணையுங்கள். மின்கலத்தின் கம்பிகளை ஒரு பக்கத்து முனைகள் இரண்டில் இணைத்து, அங்கிருந்து எதிர்ப்பக்க முனைகளுக்குக் குறுக்காக, இடமுனையிலிருந்து வலமுனைக்கும் வலமுனையிலிருந்து இடமுனைக்குமாகக் கம்பி போடுங்கள். சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் வண்டி முன்னே போகும், மறுபக்கம் தள்ளினால் மின்சாரத்தின் திசை மாறி வண்டி பின்னே வரும், நடுவில் நிற்கும். ஏற்பியின் உள்ளே இருக்கும் சில்லும் இதே குறுக்கு வேலையைத்தான் செய்கிறது. எக்காரணம் கொண்டும் வீட்டு மின்சாரத்தில் இதை இணைக்கக் கூடாது. மின்கலத்தின் இரு முனைகளும் நேரே தொட்டுக்கொள்ளவும் விடாதீர்கள்.

மீண்டும் ஊட்டம் ஏற்றக்கூடிய மின்கலங்களைப் போட்டால் வண்டி சற்று மெதுவாகப் போகிறதே என்று பயப்படாதீர்கள். சாதாரண மின்கலம் 1.5 வோல்ட், ஆறுக்கு 9. அதுவோ 1.2 வோல்ட், ஆறுக்கு 7.2 தான்.

காரைக்கால் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். பெரியவன் கறுப்பு அட்டையில் ஒரு சிறு தொப்பி செய்து ஏற்பியின் மேல் வெயில் விழாதபடி கவிழ்த்தான். வெயிலிலேயே மூன்றடி தூரத்திலிருந்து ரயில் கீழ்ப்படிந்தது. நான்காவது அடியில் மறுத்துவிட்டது. பிறகு தண்டவாளத்தைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகர்த்தினார்கள். தொப்பியே தேவைப்படவில்லை. மாலை ஐந்தரைக்குத் தெருப் பிள்ளைகள் மறுபடி வந்தார்கள். ரயிலுக்கு முதல் முகவரி, லாரிக்கு இரண்டாவது. சின்னவள் லாரியைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அண்ணன் சரியான நேரத்தில் ரயிலை நிறுத்துகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.