எரிக்க முடியாத புத்தகம்



நண்பரே, உங்கள் கடிதம் கிடைத்தது. யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததுபோல் இனி யாராலும் எரிக்க முடியாது, எல்லாம்தான் கிண்டிலில் மின்நூலாக இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். 1981இல் அங்கே சாம்பலானவை ஏறக்குறைய 97,000 நூல்கள். உங்கள் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. நிம்மதியில்தான் பங்கில்லை.

2009 ஜூலையில் அமெரிக்காவில் நடந்தது இது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைக் காசு கொடுத்துக் கிண்டிலில் வாங்கியவர்கள் ஒருநாள் திறந்து பார்த்தால், நூலைக் காணோம். விற்றவருக்கு விற்கும் உரிமையே கிடையாது என்று தெரிந்ததும் அமேசான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே நாவலை அழித்துவிட்டது. பள்ளி மாணவர் ஒருவர் பாடத்துக்காக எழுதிவைத்திருந்த குறிப்புகள் மட்டும் மிஞ்சின. எந்தக் குறிப்பு எந்த வரிக்கு என்றுதான் தெரியவில்லை. அவர் வழக்குப் போட்டார். ஜெஃப் பெஸோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பழைய செய்தித்தாள்களைத் திருத்துவதையே ஓர் அரசாங்கம் முழுநேர வேலையாக வைத்திருக்கும் கதை '1984'. போயும் போயும் அந்த நூலா!

அழிப்பதைவிடத் திருத்துவதுதான் எனக்குப் பயம். ரோல்ட் டாலின் சிறுவர் கதைகளில் மனம் புண்படுத்தும் என்று கருதிய சொற்களைப் பதிப்பகம் மாற்றியது 2023இல் பெரிய சர்ச்சையானது. பழைய அச்சுப் பிரதி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்நூலாக வாங்கியிருந்தவர்களின் பிரதி தானாகவே புதிய பாடத்துக்கு மாறிவிட்டதாகச் செய்தி வந்தது. மாற்றியது சரியா, தவறா என்பது தனி விவாதம். அதை விவாதிக்கவாவது பழைய பிரதி கையில் வேண்டாமா?

நம்மூருக்கு வருவோம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வெளிவந்தது 2010இல். எதிர்ப்பு கிளம்பியது 2014 கடைசியில். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளனாகத் தான் இறந்துவிட்டதாக அவர் முகநூலில் அறிவித்தார். தன் நூல்களை விற்க வேண்டாம் என்று பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார். கடையில் விற்பனையை நிறுத்தலாம். ஏற்கெனவே வாங்கியவர் வீட்டு அலமாரியில் கைவைக்க அவராலும் முடியவில்லை, அவரை நெருக்கியவர்களாலும் முடியவில்லை. பிடிக்காதவர்கள் படிக்காமல் இருக்கலாமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று சொல்லும்வரை அந்த நாவல் ஊர் ஊராக யார் யார் வீட்டிலோ பத்திரமாக இருந்தது. ஒரே நிறுவனத்தின் சர்வரில் மட்டும் இருந்திருந்தால்?

திரைக்கு நான் எதிரியில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த சங்க நூல்களை யாரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 'நூலகம்' தளம் 2005 முதல் வருடி ஏற்றிவருகிறது. அங்கே மின்வடிவம்தான் காவல். கிண்டிலையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2016 கடைசியில் தமிழ் நூல்கள் அதில் வந்த பிறகு, பதிப்பகப் படியேறிக் களைத்தவர்கள் பலர் தாங்களே வெளியிட்டு வாசகரைக் கண்டடைந்தார்கள். ஆனால் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள இருந்த வசதியையும் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். இனி நூல் நம்மிடம் இருப்பது அவர்கள் தயவில்.

எதை வாங்குவது என்று கேட்டீர்கள். புதிய எழுத்தாளர் கிண்டிலில் மட்டும்தான் கிடைக்கிறார் என்றால் தாராளமாக அங்கேயே வாங்குங்கள். திரும்பத் திரும்பப் படிப்பேன் என்று தோன்றும் நூலை அச்சில் வாங்குங்கள். பூட்டில்லாத இபப் (EPUB) மின்நூல் கோப்பாகக் கிடைத்தால் வாங்கி, ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் வையுங்கள். டெலிகிராமில் சுற்றும் திருட்டுப் பிடிஎஃப் இதற்கு மாற்றல்ல. சில நூறு பிரதி விற்றாலே பெரிது என்றிருக்கும் பதிப்பாளர் வயிற்றில் அது அடிக்கிறது.

உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அட்டை போன சிறுபத்திரிகைகள் கிடப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றை எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை செல்லோடேப் ஒட்ட வேண்டாம், துருப்பிடித்த பின்னையும் நீங்களே பிடுங்க வேண்டாம். தாள் கையோடு வந்துவிடும்.