பட்டணத்து நடுவில் வனஜீவித் தோட்டம்

தரிசாய்க் கிடக்கும் நிலத்தைப் பலர் கூடித் திருத்துவது மிராசுதாரர்களுக்குப் புதிதன்று. விளைச்சலைச் சிறிதும் கருதாமல், தவளைக்கும் தும்பிக்கும் பறவைக்குமென்றே ஒரு நிலத்தைப் பண்படுத்துவதோ விந்தையாகத் தோன்றலாம். லண்டன் மாநகரில் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தின் அருகே, ரீஜெண்ட்ஸ் கால்வாய்க் கரையில், அத்தகைய தோட்டம் ஒன்று இருக்கிறது. காம்லி தெரு இயற்கைப் பூங்கா என்பது அதன் பெயர். விஸ்தீரணம் சுமார் 2 ஏக்கர். ரயிலில் வந்த நிலக்கரியைக் கொட்டி வைத்த அவ்விடம், பின்பு கவனிப்பாரற்றுக் கிடந்து, 1985-ஆம் வருஷத்தில் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1981-இல் ஏற்பட்ட லண்டன் வனஜீவிச் சங்கத்தார் அதனை நிர்வகிக்கின்றனர். கூலி பெறாத தொண்டர்கள் வந்து உழைக்கின்றனர்.

இங்கிலாந்தில் இவ்வகைத் தோட்டங்களுக்குக் குளமே உயிர்நிலை. அதன் கரை ஒரு புறமாவது சரிவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் நீரில் விழுந்த முள்ளெலி முதலியன ஏற வழியின்றி மாளும். மீன் விடுதல் கூடாது; மீன்கள் தலைப்பிரட்டைகளையும் தும்பியின் இளம் புழுக்களையும் தின்றுவிடும். குழாய் ஜலத்திலுள்ள சத்துக்கள் பாசியை வளர்க்குமாதலால் மழை ஜலமே உத்தமம். மிகுந்த பாசியை இலையுதிர் காலத்தில் வாரி, இரண்டொரு நாள் கரையிலேயே வைத்தால், அதில் சிக்கிய பூச்சிகள் நீருக்குத் திரும்பும். ஒரே நாளில் வேலையை முடித்து வண்டியேற்ற விரும்புவோர்க்கு இது பொறுக்காது.

எருவிட்டுப் பழகியவர்க்கு வியப்பளிப்பது புல்வெளிப் பராமரிப்பே. மண் வளமாயிருந்தால் முரட்டுப் புற்கள் ஓங்கிப் பூச்செடிகளை நெருக்கிவிடும். ஆகையால் எருவிடுவதில்லை. பூச்செடிகள் விதை உதிர்த்த பின், கோடையின் இறுதியில் புல்லை அறுத்து வெளியே அகற்றி, வருஷந்தோறும் மண்ணை மெலியச் செய்கின்றனர். யெல்லோ ராட்டில் என்னும் மஞ்சட் பூச்செடியையும் விதைப்பதுண்டு. அது புல்லின் வேரைப் பற்றிச் சத்தை உறிஞ்சி அதனை ஒடுக்கும். சோளக் கொல்லையைப் பாழாக்கும் சுடுமல்லியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. உழவர் வேரோடு பிடுங்கியெறியும் பூண்டின் உறவினத்தை அங்கே விலை கொடுத்து வாங்குகின்றனர்!

தொட்டால் அரிக்கும் நெட்டில் செடியும் ஒரு மூலையில் விட்டுவைக்கப்படும்; சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு அதுவே ஆகாரம். பறவைகள் கூடு கட்டும் மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை வேலியைக் கத்தரிப்பதில்லை.

இவ்வளவு உழைப்பும் நிலத்தின் பேரில் நிலையான அனுபோகம் இன்றேல் வீணாகக்கூடும். டவர் பாலத்தின் அருகே, முன்பு லாரிகள் நின்ற சுமார் 2 ஏக்கரில், 1977-இல் வில்லியம் கர்ட்டிஸ் பூங்கா அமைக்கப்பட்டது. அந்நிலம் தற்காலிகமாகவே விடப்பட்டதாதலின், குளமும் செடிகளும் நன்கு அமைந்திருந்தும், 1985-இல் உடையவரிடம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. எனவே மண்வெட்டி எடுக்குமுன் குத்தகைக் காலத்தையும், நீர் பெறும் உரிமையையும், காலம் முடிந்தபின் நிலத்தை எந்நிலையில் ஒப்புவிப்பது என்பதையும் எழுத்து மூலமாகப் பெறுதல் அவசியம். குளத்தில் ஓரிரு வருஷத்திலேயே பிராணிகள் குடியேறும். மரமோ நிழல் தரவே பல வருஷமாகும். குத்தகை குறுகியதாயின், மரம் நடுவதை விடுத்துக் குளமும் புல்வெளியும் மட்டும் அமைத்தல் தகும்.