உறிஞ்சு கிண்ணமும் காற்றின் அழுத்தமும்

குளியலறைச் சுவரில் ஒட்டும் கொக்கி, எஞ்சின் வால்வைத் தேய்த்துப் பொருத்தும் கோல், பெரிய கண்ணாடிப் பலகையைத் தூக்கும் கைப்பிடி ஆகிய மூன்றிலும் ரப்பர் கிண்ணம் ஒன்று அமைந்துள்ளது. இதனை உறிஞ்சு கிண்ணம் என்பர். ஆனால் இப்பெயர் தவறான எண்ணத்திற்கு இடமளிக்கிறது. கிண்ணம் எதனையும் உறிஞ்சி இழுப்பதில்லை. வெளிக்காற்றே அதனை அழுத்திப் பிடிக்கிறது.

கிண்ணத்தை வழவழப்பான பரப்பின்மீது அழுத்தினால் உள்ளிருக்கும் காற்றின் பெரும்பகுதி வெளியேறுகிறது. கையை எடுத்ததும் ரப்பர் பழைய வடிவத்திற்குத் திரும்ப முயல்கிறது. உள்ளிடம் விரிவதால் எஞ்சிய காற்றின் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தமோ குறைவதில்லை. இவ்வேறுபாடே பிடிப்பிற்குக் காரணம். 1650-களில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத் தலைவர் ஓட்டோ வான் கெரிக்கே, இரு உலோக அரைக்கோளங்களை இணைத்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்து காற்றழுத்தத்தின் வலிமையை மெய்ப்பித்தார்.

கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது காற்று ஏறத்தாழ 1 கிலோகிராம் எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு சுமார் 28 சதுர சென்டிமீட்டர். ஆகவே உள்ளே காற்றே இல்லையெனினும் அது சுமார் 29 கிலோகிராமுக்குமேல் தாங்காது. கையால் அழுத்தும்போது காற்று முழுவதும் வெளியேறுவதில்லை; எனவே உண்மையான தாங்குதிறன் இதனினும் குறைவே. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தினதில் மூன்றில் இரு பங்கே. அங்கு அதே கிண்ணத்தின் உச்ச அளவு சுமார் 19 கிலோகிராமாகக் குறையும்.

செங்கல், மரம் போன்றவற்றின் நுண்துளைகள் வழியே காற்று உட்புகுவதால் அவற்றில் கிண்ணம் நிலைப்பதில்லை. தூசியும் கீறலும் அவ்வாறே கேடு செய்யும். விளிம்பைச் சிறிது நீரால் நனைத்தால் நுண்ணிய இடைவெளிகள் அடைபடும். ஆயினும் செங்குத்தான பரப்பில் சுமை கீழ்நோக்கி இழுக்கும்போது வழுக்காமல் தடுப்பது உராய்வு. சோப்பு நீர் அந்த உராய்வைக் குறைத்துவிடும்.

வகுப்பில் இதனை எளிதில் விளக்கலாம். கண்ணாடியில் ஒட்டிய பழைய கிண்ணம் ஒன்றில் ஊசியால் துளையிடுக. காற்று உட்புகுந்ததும் கிண்ணம் விழும். ரப்பரின் பசைத்தன்மை அதனைப் பிடித்திருக்கவில்லை என்பதை மாணவர் தாமே உணர்வர்.

கண்ணாடிப் பலகைகளைக் கையாளும் பணியாளர் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தின் விளிம்பையும் பலகையின் பரப்பையும் துடைத்துப் பார்த்தல் வேண்டும். கடினமாகிய, வெடிப்புற்ற ரப்பரை நீக்கிவிட வேண்டும். குறிக்கப்பட்ட சுமையை மீறுதல் கூடாது. காற்றுக் கசிவு கண்ணுக்குப் புலப்படாமலே நிகழும். ஆதலால், பிடிப்பு எத்துணை உறுதியாகத் தோன்றினும், தூக்கிய பலகையின் கீழ் எவரும் நிற்றலாகாது.